வாய்ப்பாடு தெரியாத டீச்சரம்மா

"ஏழெட்டு எத்தனை?"

கேட்டவர் கல்வி அதிகாரி. கேட்கப்பட்டவள் நான்.

மூங்கில் தட்டி அடைத்த கொட்டகை. மழை விட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கூரை ஓலையிலிருந்து சொட்டுச் சொட்டாக என் இடது தோளில் விழுந்துகொண்டிருந்தது. நகர்ந்து நிற்கலாம் என்றால் ஒரு பக்கம் கரும்பலகை, இன்னொரு பக்கம் எங்கள் குழுத் தலைவி. தரையில் உட்கார்ந்திருந்த குழந்தைகள் மூச்சு விடாமல் என்னையே பார்த்தார்கள். தவமணி மட்டும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

கணக்கு விஷயத்தில் நான் லேசுப்பட்டவள் இல்லை. என் அப்பா கணக்கு வாத்தியார். எங்கள் வீட்டில் சோறு ஊட்டும்போது யாரும் நிலாவைக் காட்டியதில்லை. ஒரு வாய்க்கு ஒரு வரி வாய்ப்பாடு சொல்ல வேண்டும். பதினாறாம் வாய்ப்பாடு தகராறு செய்த காலத்தில் நான் ரொம்ப இளைத்துப்போயிருந்தேனாம். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா, "நிறம் கொஞ்சம் மட்டு. ஆனா கணக்குல புலி" என்றார். எஸ்.எஸ்.எல்.சி. மார்க்கைப் பார்த்துவிட்டுத்தான் மாமியார் பஜ்ஜியில் கைவைத்தார்.

அந்த அதிகாரிக்கு நான் சொன்ன பதில், அன்றைக்குப் போர்ட் பிளேரில் இருந்த தமிழர்கள் எல்லோருக்கும் தெரியும். தீவில் ஒரு சேதி பரவுவதற்கு ரேடியோ தேவையில்லை. பதில் தெரிந்த அளவுக்குக் காரணம் யாருக்கும் தெரியாது. அதை இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

டிரக்கில் யார் எங்கே

எழுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் கணவருக்குத் துறைமுகத்தில் குமாஸ்தா உத்தியோகம். மின்னி பேயில் எங்கள் குவார்ட்டர்ஸ். அந்தக் கூரையின் லட்சணத்தைப் பற்றிப் போன வாரமே எழுதிவிட்டேன்.

எங்கள் சொந்தக்காரர்களுக்கு அந்தமான் என்றால் வெளிநாடு. "அங்கே நம்ம ரூபாய் செல்லுமா? அரிசி கிடைக்குமா, இல்லை ரொட்டிதானா?" என்று அத்தை கடிதம் போட்டிருந்தார். நாங்களும் சளைத்தவர்கள் இல்லை. ஊருக்கு லீவில் போனால், "மெயின்லேண்டில் இப்போ ரொம்பக் கூட்டமாயிடுச்சு" என்று லண்டனிலிருந்து வந்தவர்கள் போலப் பேசுவோம்.

வெளிநாட்டில் வசதியாகக் குடியேறியவர்களுக்கு ஒரு கட்டத்தில் ஏழைகளுக்குச் சேவை செய்யத் தோன்றும். கப்பல் வராத வாரங்களில் எங்களுக்கு அது மிகவும் தோன்றியது. கப்பல் வந்தால் உருளைக்கிழங்கு, வெங்காயம், கடிதம், பத்திரிகை என்று ஊரே கப்பல் துறையில் நிற்கும். வராவிட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? அப்படி உருவானதுதான் 'தீவு மாதர் ஞாயிறு சேவைக் குழு'.

தலைவி ஒரு பெரிய எஞ்சினியரின் மனைவி. தலைவியம்மா என்றே எல்லோரும் அழைப்போம். நல்ல மனசு. அந்த நல்ல மனசை நாலு பேர் பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் அவருக்குக் கவலை.

போக வர டிரக் கொடுத்தவர் அபர்டீன் பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த ஜாபர் பாய். ராமநாதபுரம் பக்கத்துக்காரர். குழந்தைகளுக்கு சிலேட்டும் அவர்தான் கொடுத்தார். சிலேட்டுச் சட்டத்தில் நாலு பக்கமும் அவர் கடைப் பெயர் எழுதியிருந்தது. "என்ன பாய், பிள்ளைகள் அ, ஆ படிக்கறதுக்கு முன்னாடி உங்க கடைப் பேரைத்தானே படிக்கும்?" என்றேன். "படிக்கட்டுமே தங்கச்சி! அதுவும் பாடம்தானே? டீக் ஹை, சலோ" என்று வண்டியில் ஏறிக்கொண்டார்.

டிரக்கில் உட்காருவதற்கு ஒரு முறை உண்டு. முன்னால் டிரைவர் பக்கத்தில் தலைவியம்மா. பின்னால் பலகையில் அவரவர் கணவரின் உத்தியோகப்படி வரிசை. குமாஸ்தா பெண்டாட்டிக்குக் கடைசி இடம், ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்தில். சக்கரம் வாரி அடிக்கும் சேறு முதலில் எனக்குத்தான். மற்றவர்கள் சேவை செய்துவிட்டு வந்தார்கள் என்பதற்குச் சாட்சி வேண்டும். என் புடவைதான் சாட்சி.

பெரட்டு

சௌல்தாரிக்கு அப்பால், சாலை சலித்துப்போய் நின்றுவிடும் இடத்தில் இருந்தது அந்தக் குடியிருப்பு. சிலோன் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள். 'நீங்கள் இந்த நாட்டு ஆட்களே இல்லை' என்று அங்கே சொல்லிவிட்டதால் கப்பலேறியவர்கள். அவர்கள் பார்த்தேயிராத சொந்த நாடு அவர்களுக்கு இங்கே கொஞ்சம் காட்டைக் கொடுத்து, வெட்டித் திருத்திப் பிழைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தது. எங்கள் வெளிநாடு விளையாட்டுக்கு. அவர்களுக்கு அது நிஜம், இரண்டு கரையிலும்.

தேயிலைச் செடி ஒன்றுகூட இல்லாத அந்த இடத்திலும் தங்கள் குடிசை வரிசையை அவர்கள் 'லயம்' என்றே சொன்னார்கள். அவர்களில் பெரியவர் ராக்கையா கங்காணி. தோட்டத்தில் ஆட்களை மேய்த்தவர். "இங்கே என்னய்யா கங்காணி?" என்று கேட்டால், "பேரு மட்டும் கூடவே கப்பலேறி வந்திருச்சும்மா, எறக்கி விட முடியல" என்பார்.

தோட்டத்தில் விடியற்காலையில் கொம்பு ஊதி, ஆட்களை வரிசையாக நிறுத்தித் தலை எண்ணுவார்களாம். அதற்குப் பெயர் பெரட்டு. எங்கள் டிரக்கின் ஹாரன் அவர்களுக்குக் கொம்பு மாதிரி கேட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் நாங்கள் இறங்கும்போது குழந்தைகள் எண்ணெய் வழியும் தலையோடு உயரவாரியாக நிற்பார்கள். கையை நீட்டி நகம் காட்டுவார்கள். அப்புறம் வரவேற்புப் பாட்டு.

அந்தப் பாட்டு தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மனைவி வரும்போது பாடுவதற்காகக் கட்டியது. அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. குளிர் மலை ஏறி, பனியிலே நடுங்கி, எங்களைப் பார்க்க வந்த துரைசானி அம்மாவே என்று குழந்தைகள் உருகுவார்கள். எங்களுக்கு ரவிக்கை முதுகோடு ஒட்டிப்போய் வியர்வை வழிந்துகொண்டிருக்கும். தலைவியம்மாவுக்கு அந்தப் பாட்டு மிகவும் பிடித்துப்போனது. "எவ்வளவு நன்றி பாருங்கோ இந்த ஜனங்களுக்கு" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

பாட்டு முடிந்து, ஆளுக்கொரு செம்பருத்தி மாலை போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்து, அதை நாங்கள் பிகு செய்துகொண்டு குடித்து முடிக்கும்போது உச்சி வெயில் வந்துவிடும். எங்களுக்கு மரியாதை செய்வதற்காக அந்த ஜனங்கள் ஞாயிற்றுக்கிழமைக் காட்டு வேலையை விட்டுவிட்டு நின்றார்கள் என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் உறைத்தது.

தலையணை இல்லாத உறை

பாடம் என்று ஒன்றும் நடந்தது. இல்லை என்று சொல்லக் கூடாது.

தலைவியம்மா நல்ல பழக்கங்கள் சொல்லிக்கொடுத்தார். தும்மினால் கைக்குட்டையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்பது முதல் பாடம். சட்டையே இல்லாத பையன்கள் கைக்குட்டையை எங்கே செருகுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு அம்மா பெண் பிள்ளைகளுக்குத் தலையணை உறையில் பூவேலை சொல்லிக்கொடுத்தார். லயம் முழுக்கத் தேடினாலும் ஒரு தலையணை கிடையாது. கிளி போட்ட உறைகளில் கடைசியில் பாக்கு காய்ந்தது.

கணக்கை யாரும் எடுத்துக்கொள்ள முன்வராததால் அது எனக்கு வந்தது. படாக் மரப் பலகையில் பாட்டரிக் கட்டைக் கரியைப் பூசிய கரும்பலகை. காற்றின் ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி சாக்பீஸ் கொழகொழத்துப் போயிருக்கும். எழுதினால் எழுதாது, தீற்றும். அதனால் எல்லாம் வாய்ப்பாடமாகவே நடந்தது. வாய்ப்பாட்டுக்கு வாய் போதுமே.

அப்பாவின் முறையையே நான் அங்கேயும் கொண்டுவந்தேன். தப்பாகச் சொன்னால் அடி கிடையாது. எழுந்து நின்று சரியான விடையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். நான் "இப்ப சரி" என்ற பிறகுதான் உட்காரலாம். இதில் ஒரு முறைகூட எழுந்து நிற்காதவள் தவமணி.

ராக்கையா கங்காணியின் கடைசி மகள். ஒன்பது, பத்து வயதிருக்கும். அவளிடம் ஒரு கோளாறு, விடை தெரிந்தால் அடக்க முடியாது. விக்கல் மாதிரி வெளியே வந்துவிடும். வேறு பிள்ளையைக் கேட்டாலும் இவள் சொல்லிவிடுவாள். நான் முறைத்தால், "வந்திருச்சு டீச்சரம்மா" என்பாள், எதுவோ தற்செயலாக நடந்துவிட்டது போல. எனக்கு அவள் மேல் கொள்ளை ஆசை. என் வயிற்றில் பிறந்திருக்க வேண்டியது வழி தவறி லயத்தில் பிறந்துவிட்டது என்று கணவரிடம் சொல்லுவேன்.

ஆனால் பள்ளிக்கூடம் என்றால் தினமும் நடக்க வேண்டும். எங்களுடையது ஞாயிற்றுக்கிழமை மட்டும். கப்பல் வந்த ஞாயிறு கிடையாது. மழை கொட்டும் ஞாயிறு கிடையாது, அந்தமானில் அது பாதி வருஷம். தலைவியம்மாவுக்குத் தலைவலி வந்தாலும் கிடையாது. சர்க்காரின் பெரிய பள்ளிக்கூடம் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே இந்தியில் பாடம். ஓடையில் முதலை. இரண்டையும் தாண்டிப் போன பிள்ளைகள் யாரும் இல்லை.

தமிழ் வாத்தியார் ஒருவரை லயத்துக்கே போடச் சொல்லிக் கங்காணி இரண்டு வருஷமாக அதிகாரிகளிடம் நடையாய் நடந்துகொண்டிருந்தார். வாத்தியார் வராவிட்டால் அடுத்த மழைக்குப் பிறகு தவமணியைப் பாக்குத் தோட்ட வேலைக்கு அனுப்புவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அவள் வயதுப் பெண்கள் ஏற்கெனவே போய்விட்டார்கள்.

பிஸ்கட்டும் பாராட்டும்

இந்தச் சமயத்தில் தலைவியம்மா வீட்டில் ஒரு டீ பார்ட்டி. கப்பலில் வந்த கிரீம் பிஸ்கட்டைத் தட்டில் விசிறி மாதிரி அடுக்கியிருந்தார். கல்வி அதிகாரி வந்திருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்தான், ஆனால் தீவில் கால் வைத்த மறுநாளே தமிழை மறந்துவிட்டவர். கோபம் வந்தால் மட்டும் ஞாபகம் வரும் என்று அவர் ஆபீஸ் பியூன்கள் சொல்வார்கள்.

எங்கள் சேவையைப் பற்றித் தலைவியம்மா விலாவாரியாகச் சொன்னார். அதிகாரி இந்தியிலும் இங்கிலீஷிலுமாக மகிழ்ந்தார். "நீங்கள் இவ்வளவு நன்றாக நடத்தும்போது சர்க்கார் எதற்கு அங்கே ஒரு வாத்தியாரைப் போட்டுச் சம்பளம் தர வேண்டும்? அந்த வேலையை வேறு தீவுக்குத் தந்துவிடலாம். அடுத்த வாரம் நானே வந்து பார்க்கிறேன். பிள்ளைகள் கெட்டிக்காரர்களாக இருந்தால் அப்படியே எழுதிவிடுகிறேன்" என்றார்.

எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். எனக்கு இன்னொரு பிஸ்கட்டும் கிடைத்தது.

பெருமை தாங்காமல் அடுத்த ஞாயிறே கங்காணியிடம் போய், "உங்க பிள்ளைங்க படிப்பைப் பத்தி மேலிடத்திலே பேச்சாயிருக்கு" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். பரீட்சைக்கு வருகிற அன்று தவமணியை முன்வரிசையில் உட்கார வைக்கச் சொன்னேன்.

அவர் சந்தோஷப்படவில்லை. தலைத் துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டிக்கொண்டார்.

"அப்ப வாத்தியாரு வர மாட்டாருங்களா?"

"நாங்கதான் இருக்கோமே" என்றேன்.

தகரம் போன கதை

மறுநாள் அவரே மின்னி பேக்கு வந்துவிட்டார். அவ்வளவு தூரம் பாதி நடந்து, பாதி யாரோ ஒருவருடைய மரம் ஏற்றிய லாரியில். வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னேன். வந்து, நாற்காலியில் உட்காரச் சங்கடப்பட்டுக் கதவோரமாக நின்றுகொண்டார்.

"அம்மா, ஒன்னு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"எங்க தோட்டத்து லயத்துல கூரைத் தகரம் பூரா ஓட்டை. ஒரு வாட்டி தொரை பார்க்க வாரார்னு சேதி. எங்க மாமன் ஒருத்தரு, வெள்ளந்தி மனுசன். தொரை வாரப்ப கூரை ஒழுகினா மரியாதையா இருக்காதேன்னு சாக்கையும் தாரையும் வச்சு அம்புட்டு ஓட்டையும் அடைச்சுப்புட்டாரு. தொரை வந்தாரு, அண்ணாந்து பார்த்தாரு, வெரி குட்டுன்னு மாமன் முதுகுல ஒரு தட்டுத் தட்டினாரு. எங்களுக்குன்னு வந்த புதுத் தகரம் அடுத்த லயத்துக்குப் போயிருச்சு. மழை பிடிச்சு ஒரு வாரத்துல சாக்கு பிஞ்சு போச்சு. அந்த வருசம் பூரா நனைஞ்சோம்மா."

"ஐயோ பாவம். அதுக்கும் இதுக்கும் என்ன?"

"நீங்கதாம்மா அந்தச் சாக்கும் தாரும்."

எனக்குச் சுருக்கென்றது. மழையிலும் சேற்றிலும் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய் வந்தவளைப் பார்த்துச் சாக்கு என்கிறாரே.

"தப்பா சொல்லல. நீங்க வாரது எங்களுக்குப் பெருமைதான். ஆனா நீங்க ஐயாவுக்கு மாத்தல் வந்தா ஷிப் ஏறிருவீங்க. எல்லா அம்மாமாரும் அப்படித்தான். அதுக்கப்புறம் எங்க புள்ளைங்களுக்கு யாரு? அன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் புள்ளைங்க ஒன்னும் தெரியாததுகளா இருந்துட்டுப் போகட்டும். உங்ககிட்டச் சொல்லாமச் செய்ய மனசு வரல."

"அதிகாரிகிட்டயே நேராக் கேட்டுப் பாருங்களேன்."

"ரெண்டு வருசமாக் கேக்குறேன். தேகேங்கே, தேகேங்கேங்குறாங்க. பார்க்கலாம்னு அர்த்தமாம். எனக்குத் தெரிஞ்ச இந்தி அது ஒன்னுதாம்மா."

காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். நான் அன்று முழுக்கப் பாத்திரங்களை உடைத்துவிடுகிற மாதிரி விளக்கினேன். கணவர் வந்ததும் விஷயத்தைச் சொல்லி, "என்னைப் போய்ச் சாக்குங்கறார்" என்று அழாத குறையாக முடித்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, "அந்த ஆள் சொல்றது சரிதானே?" என்றார். சரியாக இருந்ததுதானே என் கோபமே!

தலைவியம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

கமர்கட்டு

ஒத்திகையை நான் பார்க்கவில்லை. ஆனால் வருஷக்கணக்கில் தோட்டத்தில் ஆட்களைப் பழக்கியவர் கங்காணி. நான் பாடுபட்டு அறிவை ஊட்டியதை விட அறியாமையை அவர் கச்சிதமாக ஊட்டியிருந்தார். பிள்ளைகளுக்கும் கொண்டாட்டம். தெரியாது என்று சொன்னால் பாராட்டு என்பது எந்தப் பள்ளிக்கூடத்தில் நடக்கும்?

தவமணிதான் பிரச்சினை. வீட்டில் விட்டுவிடலாம் என்றால் அவள் அழுது ஊரைக் கூட்டிவிட்டாளாம். கடைசியில் ஜாபர் பாய் கடையிலிருந்து கமர்கட்டு வாங்கி வந்து, உள்ளதிலேயே பெரியதாக ஒன்றை வாயில் அடைத்து, அது கரையும் வரை வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார்கள்.

அதிகாரி வந்தார். பெரட்டு, பாட்டு, மாலை, இளநீர் எல்லாம் முறைப்படி நடந்தன. தலைவியம்மா பட்டுப் புடவையில் வந்திருந்தார்.

"பாரத் கி ராஜ்தானி?" என்றார் அதிகாரி. தலைவியம்மா இனிப்பாக மொழிபெயர்த்தார். "நம்ம நாட்டுத் தலைநகரம் எது, கண்ணுகளா?"

"சௌல்தாரி" என்றான் முதல் வரிசையில் ஒரு பையன், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல்.

தலைவியம்மாவின் விசிறி நின்றது. "பயத்திலே சொல்றான்" என்றார்.

பெயரை எழுதச் சொன்னால் ஒருவன் சிலேட்டில் நண்டு வரைந்து காட்டினான். நல்ல நண்டு. மாசம் எத்தனை என்று கேட்டதற்கு, "மழை மாசம், வெயில் மாசம்" என்றாள் ஒருத்தி. கைக்குட்டையைக் காட்டி இது எதற்கு என்று தலைவியம்மாவே பரிதாபமாகக் கேட்டார். "மீன் கட்ட" என்று பதில் வந்தது. அது ஒத்திகையில் இல்லாதது, உண்மையாகவே சொன்னான் என்று கங்காணி பிற்பாடு என்னிடம் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு வலித்தது. நான் சொல்லிக்கொடுத்து அத்தனையும் தெரிந்த பிள்ளைகள். ஒவ்வொரு 'தெரியாது'வும் என் மேல் ஒரு கல் மாதிரி விழுந்தது.

அதிகாரி சாக்பீஸை எடுத்து, ஏழு பெருக்கல் எட்டு என்று பலகையில் தீற்றினார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அப்போது கடக் என்று ஒரு சத்தம் கேட்டது. தவமணி கமர்கட்டைக் கடித்துவிட்டாள்.

எல்லோரும் திரும்பினோம். கன்னம் அசைந்தது. கண்ணில் நீர் முட்டி நின்றது. விடை தொண்டையில் ஏறி வருவது எனக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. இரண்டு கையையும் கொண்டுபோய் வாயைப் பொத்தினாள்.

அதிகாரி அவளிடம் குனிந்தார். "இஸ்கோ மாலூம் ஹை. போலோ பேட்டி, போலோ." இவளுக்குத் தெரியும், சொல்லு மகளே என்கிறார்.

அவள் என்னைப் பார்த்தாள். இனி ஒரு நிமிஷம் தாங்க மாட்டாள். சொல்லிவிட்டால் அவள் கெட்டிக்காரி. அதிகாரி முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போவார். அவள் பாக்குத் தோட்டத்துக்குப் போவாள்.

"அவளுக்குத் தெரியாது சார்" என்று குறுக்கே விழுந்தேன். "நான் இன்னும் அந்த வாய்ப்பாட்டுக்கே வரலை."

அவர் நிமிர்ந்தார். தஞ்சாவூர் வெளியே வந்தது. "இத்தனை மாசமா என்னத்தைம்மா கிழிச்சீங்க? உங்களுக்காவது தெரியுமா? ஏழெட்டு எத்தனை?"

அந்தக் கேள்விக்குப் பதில்

தோளில் ஒரு சொட்டு விழுந்தது. அப்பா ஞாபகத்துக்கு வந்தார். அவர் இருக்கும் ஊருக்கும் எனக்கும் நடுவே அவ்வளவு கடல் கிடந்ததற்கு அன்றுதான் முதல் முறையாக நன்றி சொன்னேன்.

"ஐம்பத்து நாலு" என்றேன். அது போதாதோ என்று, விரலை மடக்கி எண்ணுவது போலப் பாவனை செய்து, "ஆமா சார், ஐம்பத்து நாலுதான்" என்று ஊர்ஜிதமும் செய்தேன்.

கொட்டகையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. கங்காணி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அழுதாரா சிரித்தாரா, தெரியாது. அதிகாரி தலைவியம்மாவைப் பார்த்து, "இதுதான் உங்கள் பள்ளிக்கூடமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

திரும்பும்போது தலைவியம்மா என்னோடு பேசவில்லை. ஸ்டெப்னிக்குப் பக்கத்தை விடக் கீழான இடம் டிரக்கில் இல்லாததால் எனக்கு அங்கேயே இடம் கிடைத்தது. அடுத்த வாரம் குழு கலைந்தது. தலைவியம்மா மலர்க் கண்காட்சிப் பக்கம் திரும்பிவிட்டார். ரோஜாக்களை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

நான் பஜாரில் நடந்தால் பின்னால் கிசுகிசுப்புக் கேட்கும். கணவரை ஆபீஸில், "வீட்டுக் கணக்கெல்லாம் நீங்களே பார்த்துக்கறது நல்லது சார்" என்றார்களாம். ஜாபர் பாய்க்குக்கூட ஒருவரும் உண்மையைச் சொல்லவில்லை போலிருக்கிறது. முட்டை வாங்கப் போனால் ஒவ்வொன்றாக உரக்க எண்ணிக் கூடையில் வைத்து, "இது ஒரு டஜன் தங்கச்சி. டஜன்னா பன்னெண்டு. நல்லா ஞாபகம் வச்சுக்குங்க" என்பார். நான் தலையாட்டிக்கொண்டு வாங்கி வருவேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும்.

நின்றுகொண்டு சொல்ல வேண்டும்

சில கப்பல்களுக்குப் பிறகு, ஒரு தகரப் பெட்டியோடும் கடல் மயக்கத்தில் வெளிறிய முகத்தோடும் ஒரு தமிழ் வாத்தியார் வந்து இறங்கினார். நேரே சௌல்தாரிப் பக்கம் போனார். லயத்தில் தினசரிப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தது.

கங்காணி ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டிருந்தார். ஜாபர் பாயின் டிரக்கில் போனேன். அன்று முன்னால், டிரைவர் பக்கத்தில்.

ஹாரன் அடித்தும் பெரட்டு இல்லை. பாட்டு இல்லை. மாலை இல்லை. கொட்டகைக்குள் வாத்தியார் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பிள்ளைகள் ஒரு தரம் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. நிறைய சந்தோஷமாக இருந்தது.

இடைவேளை விட்டதும் தவமணி ஓடி வந்தாள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால், யாரும் இல்லாத இடத்துக்குக் கூட்டிப்போனாள். முகத்தில் பெரிய மனுஷிக் கவலை. குனியச் சொல்லிக் காதுக்குள் பேசினாள்.

"டீச்சரம்மா, ஏழெட்டு அம்பத்தாறு."

நான் அவளையே பார்த்தேன். தெரியாத மாதிரி இருக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குத்தான் கங்காணி சொல்லியிருந்தார். டீச்சர் பொய் சொல்லுவாள் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

"நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல" என்றாள். "வாத்தியார்கிட்டக்கூட. நீங்க பயப்படாதீங்க."

விளக்கிச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். என்னமோ, சொல்லத் தோன்றவில்லை. பக்கத்தில் கிடந்த மரத்துண்டில் உட்கார்ந்து, "அம்பத்தாறா? சரி கண்ணு, இனிமே மறக்க மாட்டேன்" என்றேன்.

அவள் விடவில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

"உக்காந்துக்கிட்டு சொல்லக் கூடாது. எந்திரிச்சு நில்லுங்க."

எழுந்து நின்றேன். ஏழெட்டு ஐம்பத்தாறு என்றேன். தலையை ஆட்டி, இன்னொரு தரம் என்று சைகை செய்தாள். சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னாள். மறுபடியும் சொன்னேன்.

"இப்ப சரி" என்றாள் தவமணி. "உக்காருங்க."